எனக்கு வராத சர்க்கரை

அரியலூர் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே கீற்றுக் கொட்டகையில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த ஒன்பது பேரில் எனக்குத்தான் பெரிய தொப்பை. யாராவது அதைத் தட்டி, "என்ன அய்யாக்கண்ணு சார், இந்த வருஷம் விஸ்தீரணம் எவ்வளவு?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வராது. கிரயப் பத்திரத்தில் நிலத்துக்கு நான்கு எல்லை எழுதுகிற மாதிரி அதற்கும் எழுதி வைத்திருந்தேன்: வடக்கே நெஞ்செலும்பு, தெற்கே வேட்டி முடிச்சு, கிழக்கே மேசை, மேற்கே நாற்காலி. இதற்குட்பட்ட சொத்து சுயார்ஜிதம், வில்லங்கம் ஏதுமில்லை. சொல்லிவிட்டு நானே முதலில் சிரிப்பேன்.

வில்லங்கம் இல்லை என்பதை என் மனைவி லீலாவதி மட்டும் நம்பவில்லை. அவளுடைய அப்பா ஜெயங்கொண்டத்தில் நெல் வியாபாரம் பார்த்தவர். என்னைவிடப் பெரிய தொப்பைக்காரர். சர்க்கரை வந்து முதலில் கால்விரலை எடுத்தார்கள், பிறகு பாதம், பிறகு முழங்கால். ஐம்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். பக்கத்திலிருந்து புண்ணைக் கழுவியவள் இவள். ஆம்பளைக்குத் தொப்பை வந்தால் பின்னாலேயே சர்க்கரை வரும் என்பது அன்றிலிருந்து அவளுக்கு வேதவாக்கு.

ஆடிப்பெருக்கு அன்று திருமழபாடிக்குப் போவோம். தூக்குவாளியில் புளிசாதம், எலுமிச்சை சாதம், எங்கள் பிள்ளைகள் வேணியும் முத்தமிழும் சின்னவர்களாக இருந்தபோது அவர்களுக்குத் தனியாகத் தயிர்சாதம். கொள்ளிடத்தில் முங்கி எழுந்ததும் பழைய அரைஞாண் கயிற்றை அறுத்து ஆற்றோடு விட்டுவிட்டு எனக்குப் புதுசு கட்டவேண்டும். அதைக் கட்டுகிறவள் லீலாவதிதான். கரையில் விற்கிற கயிறெல்லாம் ஒரே நீளம். முடிச்சுப் போட்டபின் எவ்வளவு மிச்சம் தொங்குகிறது என்று அவள் விரலால் அளப்பாள். தொண்ணூற்றைந்தில் ஒரு சாண் தொங்கியது. தொண்ணூற்றெட்டில் நாலு விரல்கடை. இரண்டாயிரத்து ஒன்றில் ரெண்டே விரல்.

"மூச்ச உள்ள இழுக்காதீங்க. பொய்க் கணக்கு காட்டுனா கயிறு ஏமாறும், சக்கரை ஏமாறாது" என்பாள்.

ஈரத் தலை, முகத்தில் மஞ்சள், ஈர மணலில் முட்டிபோட்டுக்கொண்டு ரெண்டு கையையும் என் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவருவாள். கூட்டத்துக்கு நடுவில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே வருஷம் பூரா காத்திருந்தேன் என்றால் நம்புங்கள். இப்போது நினைத்தாலும் அந்த மஞ்சள் வாசனை வருகிறது.

இரண்டாயிரத்து மூன்றில் கொள்ளிடத்தில் தண்ணீரே இல்லை. மணலில் ஊற்று தோண்டிக் குளித்தோம். அந்த வருஷம் கயிறு எட்டவில்லை. லீலாவதி இழுத்து இழுத்துப் பார்த்தாள். கயிறு விற்ற பொம்பளை, "அண்ணனுக்கு ரெண்டு கயித்த சேத்து முடிங்க அக்கா!" என்று கத்தினாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். லீலாவதி சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டே வந்தாள்.

மறுநாளிலிருந்து என் வாயைக் கட்டிவிட்டாள். ராத்திரிச் சோறு கிடையாது, கேழ்வரகுக் களிதான். காப்பிக்குச் சர்க்கரை கிடையாது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பிச் செட்டி ஏரிக்கரையில் நடக்கத் துரத்துவாள். "நீயும் வாயேன்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

"எனக்கென்ன தொப்பையா, தொந்தியா? உங்களுக்குக் களி கிண்டவே நேரம் பத்தல."

அவளுக்கும் வயிறு இருந்தது. ஆனால் அதை யாரும் தொப்பை என்று சொல்வதில்லை. ஆம்பளைக்கு வந்தால் தொப்பை, பொம்பளைக்கு வந்தால் பிள்ளை பெத்த வயிறு. கையும் காலும் குச்சி மாதிரி இருக்கும் அவளுக்கு. முந்தானையை இழுத்துச் செருகிவிட்டால் ஊரே ஒல்லி என்றுதான் சொல்லும். பெண்பிள்ளைக்கு அரைஞாண் கயிற்றைச் சின்ன வயசோடு அவிழ்த்துவிடுகிறோம். அவள் இடுப்பை அளக்க ஒரு கயிறும் இல்லை, ஒரு ஆடிப்பெருக்கும் இல்லை.

இங்கே எங்கள் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். பத்திரம் பதிவானதும் வாங்கினவர் இனிப்புப் பொட்டலத்தோடு எழுத்தரைத் தேடி வருவார். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் வாங்கின மனை விளங்காது என்று மனசு ஒடிந்துபோவார். அப்போது எங்கள் பக்கம் நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. ஆகவே தினமும் பொட்டலம். வீட்டுக்குள் நுழைந்ததும் லீலாவதி அதைப் பிடுங்கிக்கொள்வாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் போகும். மீதி?

"நல்ல காரியத்துக்கு வந்தத குப்பையில போடலாமா?" என்பாள். அவளே தின்பாள். நான் விட்ட ராத்திரிச் சோறும் காலையில் பழையதாக அவள் வட்டிலுக்கே போயிற்று.

உண்மையைச் சொல்கிறேன், அவள் தின்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவள் ஒரு பண்டத்தை முழுசாகத் தின்று நான் பார்த்ததில்லை. எங்களுக்கெல்லாம் வைத்துவிட்டுச் சட்டியைத்தான் வழித்துத் தின்பாள். இப்போது அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு ஜாங்கிரியை வளையம் வளையமாகப் பிய்த்து, கண்ணைப் பாதி மூடித் தின்றாள். நான் பார்ப்பது தெரிந்தால் புறங்கையால் வாயை மறைத்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக ஒரு காரியம் செய்தேன். "சாருக்கு என்ன ஸ்வீட் பிடிக்கும்?" என்று கேட்கிற பார்ட்டிகளிடம், "ஜாங்கிரி" என்று சொல்ல ஆரம்பித்தேன். மூன்று வருஷம் சொன்னேன்.

அவள் தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்பு வைக்க ஆரம்பித்ததை வெயில் காலம் என்று நினைத்தேன். மார்கழியிலும் சொம்பு இருந்தது. கால் விரலில் அருவாமனை பட்ட காயம் மாசக்கணக்கில் ஆறவில்லை. நான் கண்ணாடி முன்னால் நின்று என் வயிறு வற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் சர்க்கரை நோய் முகாம் போட்டார்கள். லீலாவதி என்னைப் பரீட்சைக்குக் கூட்டிப்போவதுபோல் கூட்டிப்போனாள். சின்ன வயசு டாக்டரம்மா என் வயிற்றை டேப்பால் அளந்தார். தொண்ணூற்றொன்று.

"ஆம்பளைங்களுக்குத் தொண்ணூறு செண்டிமீட்டர் கோடுங்க. இன்னும் ஒண்ணு குறைச்சிடுங்க. ரத்தத்துல சர்க்கரை இல்ல" என்றார். லீலாவதி கைகூப்பினாள். கண்ணில் தண்ணீர்.

"நீங்களும் வாங்கம்மா."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. இவருக்குப் பாக்கத்தான் வந்தேன்."

விடாமல் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் அளந்தார்கள். தொண்ணூற்று மூன்று. "என்னைவிட ரெண்டுதானே அதிகம்" என்று நான் ஜோக்கடித்தேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பொம்பளைங்களுக்குக் கோடு எண்பதுங்க. உங்களுக்கு ஒண்ணு கூட, அவங்களுக்குப் பதிமூணு கூட. கை கால் ஒல்லியா இருந்தா சர்க்கரை வராதுன்னு இல்ல. வயித்துல சேர்ற கொழுப்புதான் மோசம்."

ரத்தம் பார்த்தார்கள். முந்நூற்று நாற்பது. மிஷின் கோளாறு என்றேன். இன்னொரு விரலில் குத்தினார்கள், அதே நம்பர்தான்.

"உங்க அப்பா அம்மாவுக்கு இருந்ததாம்மா?"

"அப்பாவுக்கு இருந்துச்சு. அதனாலதான் இவர விழுந்து விழுந்து பாத்துக்கிட்டேன்."

"அப்பாகிட்டேருந்து உங்களுக்குத்தானேம்மா வரும்? இவருக்கு எப்படி வரும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயிரம் பேருக்கு வாரிசு விவரம் எழுதிக் கொடுத்தவன் நான். தகப்பனுக்கு வாரிசு மகளா, மருமகனா என்று ஒரு பச்சைப்பிள்ளை கேட்டால்கூடச் சொல்லியிருப்பேன். என் வீட்டில் ஒரு நாள்கூட அது தோன்றவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். திருச்சிக்குப் போய்க் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள் என்று எழுதியும் கொடுத்தார்கள். வேணிக்குப் பிரசவம் முடியட்டும் என்றாள் லீலாவதி. பிறகு பொங்கல் கழியட்டும் என்றாள். அப்புறம் முத்தமிழுக்குப் பரீட்சை. நானும் சரி சரி என்று தலையாட்டினேன். அவள் என்னை எழுப்பித் துரத்தினதுபோல ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளைத் துரத்தி பஸ் ஏற்றியிருந்தால் போதும். செய்யவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று மற்றவர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பழமொழியை வாயில் எடுப்பதில்லை.

இரண்டாயிரத்து ஏழு ஆவணியில் வீட்டை அவள் பேருக்கு எழுதிவைக்க முடிவு செய்தேன். எனக்கப்புறமும் அவள் ரொம்ப நாள் இருப்பாள் என்று முத்திரைத்தாளில் எழுதிவிட்டால் அது நடந்துவிடும் என்று ஒரு நப்பாசை. "நான்தான் முன்னாடி போவேன், எனக்கு எதுக்கு வூடு?" என்றாள். வாயை மூடு என்றேன். பத்திரத்தை நானே உட்கார்ந்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

ஆபீசில் முதலில் நான் கையெழுத்துப் போட்டேன். ஏற்றுக்கொண்டதற்கு அவளும் போடவேண்டும். எட்டாவது வரை படித்தவள், முத்து முத்தாக எழுதுவாள். பேனாவை வாங்கிக் குனிந்தாள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். பிறகு நான் எழுதியிருந்த வரிகளின் மேலேயே தன் பெயரை எழுத ஆரம்பித்தாள்.

"லீலா, கீழ. இன்னும் கீழ."

"எங்கங்க?"

"தெரியலையா உனக்கு?"

அவள் பேனாவை எடுத்துவிட்டாள். "மூணு மாசமா நடுவுல கருப்பா மறைக்குதுங்க. சொன்னா நீங்க நடக்கப் போறத வுட்டுட்டு என்னத் தூக்கிக்கிட்டு அலைவீங்க. அப்புறம் பழையபடி தொப்ப வந்துடும்."

கைநாட்டு வைக்கிற எத்தனையோ பேரின் விரலைப் பிடித்து இடம் காட்டியிருக்கிறேன். அன்று லீலாவதியின் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் வைத்தேன். அவள் அங்கே தடவி, பேனாவை ஊன்றி, மெதுவாக எழுதி முடித்தாள். நிமிரும்போது தடுமாறி, பிடிமானத்துக்கு என் வயிற்றில் கையை ஊன்றினாள். ஊன்றிய கையை எடுக்காமல் ஒரு தடவை அப்படியே தடவிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லா வத்திப்போச்சுங்க! ஒண்ணுமே இல்ல!"

பத்துப் பேர் நிற்கிற ஆபீசில் நான் வாய்விட்டு அழுதேன். அழுகிறது யார் என்று முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. என் சட்டையைப் பற்றிக்கொண்டு, முகத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்துவிட்டு, "என்னங்க, பசிக்குதா?" என்றாள்.