பழைய மஞ்சள்

என் தங்கை இரேத்தியின் கண்கள் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே மஞ்சள். அரிவாள் செல் நோய். ரத்த அணுக்கள் உடைந்துகொண்டே இருக்கும், அந்த மஞ்சள் கண்ணில் வந்து நிற்கும். இலோரின் ஊரில் எங்கள் தெருவே அவளை மாம்பழக்கண்ணி என்றுதான் கூப்பிடும். அதனால்தான் அவள் நிஜமாகவே சாகக் கிடந்தபோது ஒருவருக்கும் தெரியவில்லை. மஞ்சளோடு மஞ்சள் சேர்ந்தால் யார் கவனிப்பார்கள்?

வலது விலாவுக்குக் கீழே வலி என்றாள். அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, அக்போ கசாயத்தை நீட்டினாள். "எப்பவும் வர்றதுதான்டி. மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடி." காய்ச்சலும் சேர்ந்தபின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வார்டு டாக்டரும் எப்பவும் வருவதுதான் என்றார். அம்மாவிடம் இல்லாதது அவர் கட்டியிருந்த டை மட்டும்.

கழிப்பறைக்கு அவளைத் தாங்கிப் போனது நான். மலம் ஓகி என்கிற சோளமாவுக் கஞ்சிபோல வெளுத்திருந்தது. உள்ளங்கையை ஓயாமல் சொறிந்தாள். பித்தம் குடலுக்கு இறங்கவில்லை என்று அர்த்தம். உடைந்த ரத்தத்தின் மஞ்சள் பித்தப்பையில் கல்லாக உறையும். ஒரு கல் நழுவிக் குழாயை அடைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அந்தப் படிப்பு அன்றைக்காவது உதவட்டும் என்று டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

"நீ டாக்டரா?" என்றார்.

"இல்ல. பயாலஜி டீச்சர்."

"அப்ப கிளாஸ்ல போய்க் கத்து."

"கத்துறேன். முதல்ல ஸ்கேன் எழுதுங்க. இல்லேன்னா இங்கயே கிளாஸ் எடுப்பேன்."

எழுதினார்.

ஸ்கேன் அறையில் லெக்கான் இருப்பான் என்று எனக்குத் தெரியும். நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம். அவனை வீட்டுக்குக் கூட்டி வரும் முன்பே சர்ச்சில் இருவருக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். இருவரிடமும் அந்த நோயின் பாதி இருந்தது. பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இரேத்தியைப்போல ஆக நாலில் ஒரு வாய்ப்பு. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து வெளியே வந்தது நான்தான். லெக்கான் உட்கார்ந்தேதான் இருந்தான். அன்றிலிருந்து இந்த ஆஸ்பத்திரியைத் தாண்டும் வேனில் ஜன்னலோர இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வேனுக்கு நிற்பேன். இதை யாரிடம் சொல்ல?

ஜெல்லை அவன் முதலில் தன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினான். மழைநாளில் என் விரல்களை அப்படித்தான் தேய்ப்பான். நான் திரையைப் பார்த்தேன். திரையை மட்டும்.

"நீங்கதான லெக்கான்?" என்றாள் இரேத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு. "இவ தூக்கத்துல சொல்ற பேரு."

"வாய மூடுடி," என்றேன்.

"என்னை மாதிரி ஒண்ணு பொறந்துடக் கூடாதுன்னுதான ரெண்டு பேரும் பிரிஞ்சீங்க?"

அவன் கை நின்றுவிட்டது. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ஆமா. உன் வலி இன்னொருத்தருக்கு வரக் கூடாதுன்னு. நீ வரக் கூடாதுன்னு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

"மூச்சை இழுத்துப் புடி, தங்கச்சி," என்றான் லெக்கான். பிறகு திரையில் விரல் வைத்தான். வீங்கிய குழாய், அதன் நுனியில் வெள்ளையாய் ஒரு கல். "தேசோலா, நீ சொன்னது சரி. காய்ச்சலும் இருக்கு. காத்திருக்க முடியாது." சர்ஜனைக் கூப்பிட அவனே ஓடினான்.

ரத்தம் ஏற்றினார்கள், கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். மறுநாள் பித்தப்பையையும் கல்லையும் எடுத்தார்கள். அதன்பின் காலைதோறும் அவள் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி இமையை இழுத்துப் பார்ப்பதே என் வேலை. சின்ன வயதிலிருந்து அவள் கண் வெளுக்க வேண்டும் என்று ஏங்கியவள் நான். அந்த வாரம் ஏங்கியதோ அந்தப் பழைய மஞ்சளுக்கு. கல் ஏற்றிய கடும் மஞ்சள் வடிந்து, அது மட்டும் திரும்பி வந்தால் போதும் என்று கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அது வந்தது. அவளுடைய அதே மாம்பழ மஞ்சள். அம்மா வார்டிலேயே ஆடிவிட்டாள்.

வாசலில் லெக்கான் நின்றிருந்தான், கையில் ஒரு பை நிறையத் தோல் சீவிய ஆரஞ்சு.

"உள்ள வாங்க மாமா," என்றாள் இரேத்தி. "அக்கா கடிக்க மாட்டா."

வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். ஒரு ஆரஞ்சை என்னை நோக்கி நீட்டினான். கை நீட்டினால் எட்டும் தூரம்தான். நடுவில் கட்டில். கட்டிலில் இரேத்தி, அந்த மஞ்சள் கண்களை அகலத் திறந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு.