எட்டு வயது ஈயம்

காலைச் சாப்பாட்டில் குழாய்க்காரர் கை வைத்த நேரம் பார்த்துத்தான் மனைவி அதைக் கேட்டாள்.

"ஏங்க, பழைய கட்டடத்துக் கூரை ஈயத்தையா ஆய்வுக்கூடத்துக்குக் குடுத்தீங்க? எட்டு வருஷம் முன்னாடி ஒழுகுதுன்னு நீங்கதானே அதுல ஒட்டுப் போட்டீங்க?"

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். மொத்தம் நாற்பது தகடு. முப்பத்தொன்பதுக்கு வயது முந்நூறு; ஒன்றுக்கு எட்டு. அத்தனையும் முந்நூறு என்று கையெழுத்துப் போட்டிருந்தார். பத்து மணிக்கு உருக்கப்போகிறார்கள்!

புது ஈயம் வாயாடி. ஈயம்-210 என்றொரு கதிரியக்கச் சரக்கு, பூமியிலிருந்தே ஒட்டிக்கொண்டு வருவது, துளியிலும் துளியாக அதற்குள் தொணதொணத்துக்கொண்டே இருக்கும். இருபத்திரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகி, முந்நூறு வருடத்தில் வாயடைத்துப்போகும். அப்படி அடங்கிய ஈயத்தில் பெட்டி செய்து, அதற்குள் ஏதோ அபூர்வத் துகளின் இன்னும் மெல்லிய முணுமுணுப்பைக் கேட்கத்தான் ஆய்வுக்கூடத்தில் காத்திருந்தார்கள். உருக்கும் அண்டாவில் ஒரு வாயாடி விழுந்தால் போதும், எல்லாம் கெட்டது. சரியாவதற்கு மறுபடி முந்நூறு வருடம் பொறுக்க வேண்டும்.

அவர் சைக்கிள் மிதித்த வேகத்தில் எதிரே வந்த பேருந்து ஒதுங்கி நின்றது. ஓட்டுநர் வணக்கமும் வைத்தாராம். வணக்கம் மட்டும் கொஞ்சம் மிகை.

உலைக்காரர் முதல் தகட்டை இடுக்கியில் தூக்கியிருந்தார்.

"போடாதய்யா!"

"யோவ், கால்ல போட்டுக்கப் பார்த்தேன்!"

ஆய்வுக்கூடத்துத் தலைவி ஓடிவந்தார். "என்னண்ணே, இப்படி மூச்சு வாங்குது?"

"மேடம், ஒரு தகடு நான் போட்ட ஒட்டு. எட்டு வருஷந்தான் ஆச்சு. மறந்தே போயிட்டேன்."

தலைவி தகட்டுக் குவியலைப் பார்த்தார். "எது அது?"

"எல்லாத்தையும் ஒரே அளவா வெட்டிட்டேனே..."

"கருவியில வெச்சுக் கேக்கலாம். ஒண்ணுக்கு ஒரு மாசம் ஆகும்."

"நாப்பது மாசமா? நான் ரிட்டையரே ஆயிடுவேன்," என்றார் உலைக்காரர்.

குழாய்க்காரர் மண்டியிட்டுத் தகடுகளைத் தடவிப் பார்த்தார். எல்லாவற்றிலும் சுத்தியல் தடம் வரிசை பிசகாமல் ஓடியது. இருபத்தாறாவது தகட்டில் மட்டும் தடங்கள் கண்ட இடத்தில் மேய்ந்திருந்தன.

உலைக்காரர் எட்டிப் பார்த்தார். "சே, எவன்யா இதை இப்படி அடிச்சு வெச்சவன்?"

குழாய்க்காரர் தலையைச் சொறிந்தார். "நான்தான்."

"அப்ப இதை மட்டும் முதல்ல கேப்போம்," என்றார் தலைவி. "அதுவரைக்கும் உலையை மூடுங்க."

அந்த ஒரு மாதம் அவர் சரியாகத் தூங்கவில்லை. இதுவும் அடங்கிய ஈயமாக இருந்துவிட்டால், முந்நூறு வருடத்துக்கு முன்பும் ஒரு மட்டமான வேலைக்காரன் இருந்தான் என்று ஆகும். தன் ஒட்டு எங்கே என்றும் தெரியாது.

தலைவியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "அண்ணே, உங்க தகடு வாயே மூடலை."

"சத்தமாவா மேடம்?"

"காது கிழியுது."

குழாய்க்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ரொம்ப சந்தோஷம்," என்றார். "மத்ததை உருக்கச் சொல்லுங்க."