ஒன்பதாம் எண் ஜெர்ஸி

எங்கள் ஃபுட்பால் டீமில் க்வாபெனாவைப் பிடிக்காதவன் ஒருவன்கூடக் கிடையாது. கானாவிலிருந்து வந்து மூன்று சீசன் எங்களோடு ஆடியவன். கோல் அடித்தால் கேமரா பக்கம் ஓட மாட்டான். மறுகோடியில் நிற்கும் கோல்கீப்பரான என்னிடம் ஓடிவந்து கட்டிக்கொள்வான். கேப்டன் ஆதர்ஷ் சுலபமான கோலைக் கோட்டைவிட்டபோது, தான் கொடுத்த பாஸ்தான் மோசம் என்று இவன் பேட்டி கொடுத்தான். பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டுக்கு அடிதடி நடக்கும். அவ்வளவு பாசம். சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

செவ்வாய்க்கிழமை காலை, செம்பூரில் கிளப் மைதானத்திலேயே, பயிற்சியில் அவன் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. எல்லாரும் பார்த்தோம். தூக்கிக்கொண்டு ஓடியதும் நாங்கள்தான். பயிற்சியில் அடிபட்டால் ஆபரேஷன் கிளப்பின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆபரேஷன் செய்யாவிட்டால் அவனால் இனி ஆடவே முடியாது.

மறுநாள் மேனேஜர் ஜகந்நாதன் ஒரு கடிதத்தோடு வந்தார். தாராவியில், எங்கள் தெருவில் விளையாடப் போய்த்தான் அவனுக்கு அடிபட்டது என்று அதில் எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த சீசன் கான்ட்ராக்ட், பைசான். யோசிச்சுக்கோ" என்றார்.

மற்ற இருபத்திரண்டு பேரும் யோசிக்கக்கூட இல்லை. முதல் கையெழுத்து ஆதர்ஷுடையது. தனக்கு முப்பத்தொரு வயதாகிறது, வேறு எந்த கிளப் எடுக்கும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். நான் போடவில்லை. நான் ஒருவன் போடாததால் எதுவும் நின்றுவிடவும் இல்லை.

வெட்கங்கெட்ட அதே ஆட்கள் வெள்ளிக்கிழமை ஒரு புது ஜெர்ஸி வாங்கினார்கள், ஆபரேஷன் இல்லாமலே ஊருக்குத் திரும்பப்போகும் அவனை வழியனுப்ப. முதுகில் அவனுடைய ஒன்பதாம் எண். அதற்குக் கீழே இருபத்திரண்டு கையெழுத்து, இதயப் படங்களோடு. கடைசியாக என் கைக்கு வந்தது. கொளுத்திவிடலாமா என்றிருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், எண்ணுக்கு மேலே அகலமாக வெறும் இடம்.

சனிக்கிழமை காலை க்வாபெனா ஊன்றுகோலோடு டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்தான். ஒரே கைதட்டல், விசில். ஜெர்ஸியை விரித்து, ஆங்கிலத்தில் நான் எழுதியிருந்ததை உரக்கப் படித்தான். செவ்வாய்க்கிழமை காலை, கிளப் மைதானத்தில், பயிற்சியின்போது உனக்கு அடிபட்டதைக் கீழே கையெழுத்திட்டிருக்கும் நாங்கள் அனைவரும் கண்ணால் பார்த்தோம்.

கைதட்டல் நின்றது.

மார்க்கர் பேனாவை மேஜைமேல் வைத்தேன். இது பொய் என்பவன் இவன் கண்ணெதிரில் வந்து தன் பெயரை அடித்துவிட்டுப் போகலாம் என்று இந்தியில் சொன்னேன்.

ஆதர்ஷ் பாதி எழுந்தான். க்வாபெனா அவனையே பார்த்தான். ஆதர்ஷ் உட்கார்ந்துவிட்டான். வேறு யாரும் அசையவில்லை.

ஜகந்நாதன்தான் விறுவிறுவென்று வந்து பேனாவை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"வைங்க சார். அதுல உங்க பேரு இல்லைல்லா."