எரிந்தால் இறங்குதாம்

என் அண்ணி தாமரைச்செல்வி முத்தியால்பேட்டை வீட்டிலேயே முகம் வெளுக்கக் கிரீம் தயாரித்து விற்கிறார். அதில் கிளைக்கால் என்ற ரசாயனத்தைச் சேர்க்கச் சொன்னவன் நான்தான். கிரீமில் இருக்கும் மருந்தைத் தோலுக்குள் இழுத்துச் செல்லும் திரவம் அது. களிம்பு தயாரிக்கும் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் வேலையை விட்டு வரும்வரை இரண்டு வருடம் அதை எடை போட்டிருக்கிறேன். நூறு கிராமுக்கு ஐந்து கிராம், அதற்கு மேல் கூடாது என்று எழுதியும் கொடுத்தேன்.

அண்ணி தராசைத் தொடவில்லை. குழம்புக் கரண்டியால் ஊற்றினார். "மேலேயே நிக்குது, உள்ள போவல" என்று கிரீம் வாங்குகிறவர்களின் வாட்ஸப் குரூப்பில் யாரோ எழுதியதும் இரண்டு கரண்டி. தடவியவர்களுக்கு எரிந்தது. கிரீம் வேலை செய்கிறது என்று பாராட்டு குவிந்தது. உடனே டப்பாவில் ஒரு சீட்டு ஒட்டினார்: 'எரிந்தால் இறங்குகிறது என்று அர்த்தம்.'

நேற்று எதிர்வீட்டுக் கலைவாணி வந்தாள். இரண்டு கன்னமும் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்திருந்தது. சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, இன்னொரு டப்பா குடு. எம் பொண்ணுக்கு. ஏழாவது படிக்கிறா, அதுக்குள்ள கருத்துட்டான்னு அவ அத்தையே சொல்லுது."

"புதுசா கலக்கினது இருக்கு. சுர்ருன்னு இறங்கும்" என்றார் அண்ணி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது இறங்கல, தோலு வேவுது. கிளைக்கால் அதிகமானா மருந்து மட்டுமா உள்ள போவும்? வாசனைக்குப் போட்ட சென்ட்டும் சேந்து போவும். கிரீம் உள்ள போவ, மூஞ்சி கழுவி ஈரத்தோட தடவினாலே போதும். சின்னப் பொண்ணுக்கு அதுவும் வாணாம்."

கலைவாணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேலைய வுட்டுட்டு வூட்ல குந்திகினு இருக்கிறவரு டாக்டராயிட்டாரா? உனக்கு என்னா வயித்தெரிச்சல்?"

"எரிச்சல் ஒங் கன்னத்துலதான் இருக்கு."

அண்ணி சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டப்பாவைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"நீங்க தடவுங்க அண்ணி. இப்பவே."

"எனக்கு எதுக்கு தம்பி? என் தோலுக்கு இதெல்லாம் ஒத்துக்காது."

கலைவாணி நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏங்கா, உனக்கு ஒத்துக்காததா எம் பொண்ணு மூஞ்சிக்கு?"

"நீதானடி கேட்ட?"

அவ்வளவுதான். கலைவாணி வாசலில் இறங்கி நின்று, தெருவுக்கே கேட்கும்படி திட்ட ஆரம்பித்தாள். அவளை உள்ளே கூப்பிடச் சொல்லி அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. கத்தட்டும். இந்தத் தெருவில் மட்டும் இன்னும் பதினேழு வீட்டில் அந்த டப்பா இருக்கிறது.