ஏகமனதான உப்புக் காற்று

மெல்லிசைக் குழுக்களில் முன்வரிசையில் நின்று பாடுகிறவர்களுக்குச் சொற்கள் உண்டு. பின்வரிசையில் நிற்பவர்களுக்கு "லலலா" மட்டுமே உண்டு. சிந்தாதிரிப்பேட்டை ஜஹீதா பதினெட்டு ஆண்டுகளாகப் பின்வரிசையில் நின்றவள். தியாகராய நகரில் அவள் பாடாத திருமண மண்டபம் இல்லை. அவள் வாயிலிருந்து ஒரு முழுச்சொல் வெளிவந்த மண்டபமும் இல்லை.

"உனுக்கு மட்டும் வார்த்த குடுக்க மாட்டானுங்களா?" என்று அவளுடைய மாமியார் ஷகீலா ஒருமுறை கேட்டார். வீட்டிலேயே பாடிக் காட்டுகிறேன் என்று ஜஹீதா சொன்னதற்கு, "மேடையில பாட்னாதான் பாட்டு. அடுப்பங்கரையில பாட்னா அதுவும் குக்கர் சத்தமும் ஒண்ணுதான்" என்று அந்த வழக்கை முடித்துவைத்தார்.

ஆகையால் ஜஹீதா தானே ஒரு பாட்டை எழுதி, அதற்கு "உப்புக் காற்று" என்று பெயரும் சூட்டினாள். அசோக் நகரிலுள்ள ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதைப் பாடி, யூடியூபில் ஏற்றினாள். ஏழு மாதங்களில் அது நாற்பத்தொரு முறை கேட்கப்பட்டிருந்தது. அவற்றுள் முப்பத்தெட்டு முறை கேட்டவள் ஜஹீதாவே.

எனவே, மந்தைவெளி மெல்லிசை ரசிகர் பேரவையின் அறிவிப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி அவளிடம் வந்து சேர்ந்த காலையில், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை அவள் அறியவில்லை. "இவ்வாண்டின் சிறந்த தனிப்பாடல்: உப்புக் காற்று. நடுவர்கள் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது. பாடியவர் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நேரில் வந்து, மேடையில் பாடி, பொன்னாடையும் கேடயமும் பெற்றுக்கொள்க."

ஷகீலா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஞாயிறன்று, பெருநாளுக்கு எடுத்த புடவையை உடுத்திக்கொண்டு, மருமகளுக்கு முன்பாகவே ஆட்டோவில் ஏறி அமர்ந்துவிட்டார்.

பேரவையின் அரங்கம் ஒரு மாவு மில்லின் மாடியில் இருந்தது. முன்வரிசையின் நடுவில் இருந்த நாற்காலி ஒன்றின் முதுகில் "உப்புக் காற்று" என்று எழுதிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஜஹீதா பெருமிதத்தோடு அதில் அமர்ந்தாள்.

"இன்னாம்மா, என் சேர்ல குந்திக்கினு கீற?"

நிமிர்ந்து பார்த்தாள். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் குப்பம்மா, பதினொரு உறவினர்களோடும் இரண்டு மேளங்களோடும் நின்றிருந்தார்.

"பேர் போட்டிருக்கு பாருங்கக்கா, உப்புக் காற்றுன்னு. அது நான்தான்."

"நீயா? உப்புக் காத்து நானு! எங்கண்ணன் சாவுக்கு நானே கட்டிப் பாட்ன கானா. ஊரே அழுதுச்சு, தெரியுமா?"

"மன்னிக்கணும்," என்று கிதாரோடு ஒருவர் குறுக்கிட்டார். அவர் சாந்தோமிலிருந்து வந்த லாரன்ஸ். "உப்புக் காற்று எங்க கோயில் பாட்டுங்க. கடலுக்குப் போறவங்களுக்காக ஜெபம் பண்ற மாதிரி நான் போட்டது."

"ஆன்ட்டி, அங்கிள், சாரி," என்றாள் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்த அடையாறு அஸ்வினி. "அது என்னோட ராப்."

ஷகீலா நால்வரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். "ஏன்டி ஜஹீதா, ஒரு காத்துக்கு எத்தினி உப்புடி?"

கூச்சல் எழுந்தது. மேடையிலிருந்த மூன்று நடுவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவர்களில் ஒருவரும் பேரவைத் தலைவருமான, ஓய்வுபெற்ற பத்திரப் பதிவாளர் செம்பியன் எழுந்து நடந்ததை விளக்கினார். பேரவை தோன்றி ஒன்பது ஆண்டுகளாகியும் நடுவர்கள் எதிலும் ஒத்துப்போனதில்லை. சென்ற ஆண்டு கேடயத்தையே இரண்டாக அறுத்து, ஆளுக்குப் பாதி வழங்க நேர்ந்தது. இவ்வாண்டு மூவரும் தத்தம் சீட்டில் பாடலின் தலைப்பை எழுதிப் பிரித்துப் பார்த்தபோது, மூன்றிலும் "உப்புக் காற்று" என்றே இருந்தது. அந்த ஆனந்தத்தில் எந்த உப்புக் காற்று என்று எவரும் கேட்கவில்லை. போண்டா சாப்பிட்டுவிட்டுக் கலைந்தனர்.

"நான் தேர்ந்தெடுத்தது லாரன்ஸ் அவர்களின் பாடலை," என்றார் செம்பியன்.

"அதெப்படி?" என்றார் இரண்டாம் நடுவரான மயிலாப்பூர் ஜானு. "எங்காத்துல காத்தால காபி போட்டுண்டே நான் கேக்கறது இந்தக் குழந்தையோட ராப்பைன்னா! இல்லேன்னா டிகாஷனே இறங்காது."

மூன்றாம் நடுவரான பிரசாத், உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "குப்பம்மாக்கா கானாதான் சார். அழுதுகினேதான் வெயிட்டு தூக்குவேன்."

நான்காவது நடுவர் எங்கே என்று ஜஹீதா மேடையைத் தேடினாள். நான்காவது நடுவர் என்று ஒருவர் இல்லவே இல்லை. மாமியாரின் பக்கம் திரும்ப அவளுக்குத் துணிவு வரவில்லை.

நடுவர்களின் வாக்குவாதம் மேசையைக் குத்தும் அளவுக்கு முற்றியது. "ஏகமனது என்று தீர்மானம் ஏட்டில் ஏறிவிட்டது!" என்று செம்பியன் ஏட்டை மார்போடு அணைத்துக்கொண்டு புலம்பினார். அப்போது ஜானுவின் பார்வை ஜஹீதாவின்மேல் விழுந்தது.

"அதோ அந்தப் பொண்ணோடதும் உப்புக் காற்றுதானே? அதை யாராவது கேட்டேளா?"

ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

"அப்போ யாருக்காவது ஆட்சேபணை?"

"கேக்காத பாட்ட எப்டி மேடம் வேணான்றது?" என்றார் பிரசாத்.

ஆதரவாக மூன்று கைகள் உயர்ந்தன. பேரவையின் வரலாற்றில் முதன்முறையாக, உண்மையாகவே ஏகமனது. தமக்குக் கிடைக்காவிட்டாலும் மற்ற இருவருக்கும் கிடைக்கவில்லை என்பதால் குப்பம்மாவும் லாரன்ஸும் அஸ்வினியும் மனமாரக் கை தட்டினர்.

ஜஹீதா மேடையேறி ஒலிவாங்கியின் முன் நின்றாள். செம்பியன் பதறி ஓடிவந்தார்.

"அம்மா, தயவுசெய்து பாடிவிடாதீர்கள்! கேட்டால் எங்களில் ஒருவருக்குப் பிடிக்காமல் போகலாம். பிடித்துவிட்டால் இன்னும் ஆபத்து. யாருக்கு அதிகம் பிடித்தது என்று சண்டை வரும்."

"ஆசையா இருந்தா," என்றார் ஜானு கனிவோடு, "வார்த்தை இல்லாம லலலான்னு கொஞ்சம் பாடிட்டுப் போயேன்."

பதினெட்டு ஆண்டு லலலா போதும் என்று ஜஹீதா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பொன்னாட உங்ககிட்டயே இர்க்கட்டும் சார்," என்றாள். "எங்க மாமி பாட்டு கேக்க வந்துகீறாங்க."

அவள் பாடத் தொடங்கினாள். நடுவர்கள் மூவரும் சட்டென்று இரு காதுகளிலும் விரல்களைச் செருகிக்கொண்டனர். மேலும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கண்களையும் மூடிக்கொண்டனர்.

"உப்புக் காற்றே, கதவைத் தட்டிவிட்டு ஓடாதே,
உள்ளே ஓர் ஆள் இருக்கிறேன்..."

குப்பம்மாவின் உறவினர்கள் கை சும்மா இராமல் மேளத்தைத் தொட்டனர். லாரன்ஸ் கிதாரில் சுருதியைத் தேடிப் பிடித்தார். அஸ்வினி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். ஷகீலா மட்டும் அசையாமல், வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பவரைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் எழுந்து மேடைக்குச் சென்றார். நடுவர்களின் ஆறு கைகளும் காதுகளில் அலுவலாக இருந்தமையால், பொன்னாடை மேசைமேல் காவலின்றிக் கிடந்தது. அதை எடுத்து, ஜரிகையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, பாடிக்கொண்டிருந்த மருமகளின் தோளில் போர்த்தினார். ஜஹீதாவின் குரல் ஒரு கணம் தடுமாறியது.

"நிறுத்தாத," என்றார் ஷகீலா.

செம்பியன் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். பொன்னாடை போர்த்தப்பட்டிருப்பதைக் கண்டு, விழா இனிதே நிறைவுற்றது என்று கருதி, ஒரு விரலை மெல்ல வெளியே எடுத்தார். ஷகீலா அந்தக் கையைப் பிடித்து, விரலை அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"இன்னும் ரெண்டு வரி கீது, நைனா. மூடு."