ஒரு கரண்டி மரண அணு

நேற்று இரவு அவர் என்ன சாப்பிட்டார் என்று மரண விசாரணை அதிகாரி சிங்களத்தில் கேட்டார். இராஜேஸ்வரிக்குக் கேள்வி நன்றாகவே விளங்கியது. கண்டி மார்க்கட்டில் கத்தரிக்காய்க்காரனைச் சிங்களத்திலேயே வாயடைக்க வைக்கிறவள் அவள். ஆனாலும் ஒன்றும் விளங்காதவள் போலப் பக்கத்தில் நின்ற கொழுந்தன் கிருஷ்ணராஜின் முகத்தைப் பார்த்தாள். பதில் தேடிக்கொள்ள அவளுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது.

கிருஷ்ணராஜ் ஒரு கணம் விழித்தான். அண்ணிக்குச் சிங்களத்தை மொழிபெயர்க்க வேண்டிய தேவை இதுவரை வந்ததில்லை. துக்கத்தில் அவளுக்கு எல்லாம் மறந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"ராத்திரி அண்ணன் என்ன சாப்பிட்டாருன்னு கேக்குறாரு அண்ணி."

"சோறும் பருப்பும்" என்றாள் இராஜேஸ்வரி. "வேற ஒண்ணும் இல்ல."

கிருஷ்ணராஜ் சொன்னதை அதிகாரி எழுதிக்கொண்டார். நல்ல மனிதர்தான். கதிரையை அவள் பக்கம் நகர்த்தி உட்காரச் சொன்னார், இது வெறும் சட்டம், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயமே வந்தது. பொய் காகிதத்தில் ஏறிவிட்டது. இனி அதை அவளாலேயே திரும்ப எடுக்க முடியாது.

அவள் புருஷன் மோகனராஜ் முனிசிப்பலில் தண்ணீர் மீட்டர் வாசிக்கிறவர். அம்பிட்டியப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் படி ஏறி இறங்கியே காலம் போய்விட்டது. அன்று காலையிலும் வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஹந்தானை வீதி வளைவில் நின்ற ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இறந்தவர் என்பதால் விசாரணை வேண்டும், உடலை வெட்டிப் பார்க்கவும் வேண்டும் என்றார்கள். ஒரு காலில் கயிறு கட்டியும் மற்றக் காலில் கட்டாமலும் சப்பாத்துகள் அவரோடு உள்ளே போயின.

அறைக்கு வெளியே சீமெந்து பெஞ்சியில் அவளை உட்காரவைத்துவிட்டுக் கிருஷ்ணராஜ் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தான். அவள் மூடியிருந்த கதவையே பார்த்தாள். இப்போது வயிற்றைத் திறந்திருப்பார்களா? சோற்றோடு போட்ட சோயாமீட் கறி ஓர் இரவில் கரைந்துபோகுமா, இல்லை பஞ்சு பஞ்சாக அப்படியே கிடக்குமா? மனுஷன் ஒரு தடவை போட்டுக்கொண்டு நிறுத்தவில்லையே, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றாரே! பருப்பும் சோறும் என்றாயே, இது என்ன என்று ஒரு பீங்கானில் வைத்துக்கொண்டு வந்து கேட்டால் என்ன சொல்வாள்?

வீட்டில் மீன் நின்றுபோனதற்கு மகள் நிரோஷினிதான் காரணம். புருஷன் கட்டாரில் இருக்க, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மீன் வாடை பட்டாலே அவளுக்குக் குடலைப் புரட்டும். இறைச்சியோ மோகனராஜுக்கு ஆகாது என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே இரண்டு பேருக்கும் பொதுவாகச் சோயாமீட் என்றாயிற்று. ஊறவைத்துப் பிழிந்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் தாராளமாகப் போட்டு, தேங்காய்ப்பால் வற்றும்வரை பிரட்டி இறக்கினால் அப்பனும் மகளும் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழும்புவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வாய்ஸ் மெசேஜ் வந்தது. கோயில் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ யாருடையதையோ தூக்கிப் போட்டிருந்தார்கள். இராஜேஸ்வரியின் போன் பழையது, பேசினால் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போலக் கரகரக்கும். வெளிநாட்டுச் சோயாவில் மரண அணுவை மாற்றி அனுப்புகிறார்கள், அது வயிற்றுப் பிள்ளைவரை போய்ச் சேரும், கர்ப்பிணிகள் கவனம் என்று ஒரு பெண் மூச்சுவிடாமல் சொன்னாள். அணு என்றால் குண்டு. மரணம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இராஜேஸ்வரி அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள்.

புருஷனிடம் சொன்னபோது அவர் முதலில் சும்மா தலையாட்டினார். இரண்டு மூன்று நாள் கழித்துச் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டை நீட்டி, "எனக்கு ஒரு கரண்டி மரண அணு போடு" என்றார். அன்றையிலிருந்து அந்தக் கறிக்கு வீட்டில் வேறு பெயர் கிடையாது. நிரோஷினியும் அப்பனோடு சேர்ந்துகொண்டாள். இராஜேஸ்வரி முதலில் சீறி விழுந்தாள், பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஊறவைத்தாள், சிரித்துக்கொண்டே பரிமாறினாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு காந்தியது. தெரிந்தே போட்டுவிட்டாள்.

பொலிஸ் பயம் கொஞ்ச நேரத்தில் விட்டுப்போனது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதே சட்டியிலிருந்துதானே மகளும் தின்றாள்! வயிறும் பிள்ளையுமாக, அப்பனைவிட ஒரு பிடி கூடவே தின்றாள்.

கதவு திறந்து கிருஷ்ணராஜ் வெளியே வந்தான். அழுதுவிட்டு முகத்தைக் கழுவியிருந்தான்.

"மாரடைப்பாம் அண்ணி. ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. சீனி வருத்தக்காரங்களுக்கு வலி தெரியாமலே வருமாம்."

"வயித்த வெட்டிப் பாத்தாங்களா தம்பி?"

"அத ஏன் கேக்குறீங்க?"

அவள் முந்தானையைச் சுருட்டி வாயருகே வைத்துக்கொண்டாள். "நான் பொய் சொல்லிட்டேன். சோயாமீட்டும் போட்டேன். மரண அணு இருக்குன்னு தெரிஞ்சும் போட்டேன்."

அவனுக்கு என்னவோ செய்தது. வாயைப் பொத்திக்கொண்டான், தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு பெஞ்சியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அது மரண அணு இல்ல அண்ணி. மரபணு."

கிருஷ்ணராஜ் விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார். ஆனால் அன்று வாத்தியார் மாதிரிப் பேச அவனுக்குத் தெம்பு இருக்கவில்லை. விட்டுவிட்டுத்தான் சொன்னான். மரபணு என்பது எல்லா உயிருக்குள்ளும் இருப்பது, அப்பன் மூக்கு பிள்ளைக்கு வருவது அதனால்தான், பயிரில் அதைக் கொஞ்சம் மாற்றினால் புழு அரிக்காது, விளைச்சல் கூடும் என்றான். அந்தச் சோயாவில் அது இருந்ததா இல்லையா என்பதே தனக்குத் தெரியாது என்றும் சொன்னான்.

"நீங்க காலையிலயும் பின்னேரமும் அண்ணனுக்குப் போட்டீங்களே ஊசி, அந்த இன்சுலினையும் இப்ப இப்படித்தான் செய்றாங்க. ஒரு கிருமியோட மரபணுவ மாத்தி அதுக்கிட்ட இருந்து எடுக்குறாங்க. அது இல்லாட்டி அண்ணன் எப்பவோ போயிருப்பாரு."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். அவருடைய வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துப் பிடித்துப் பழகிய விரல்கள்.

"அண்ணனுக்குத் தெரியும் அண்ணி" என்றான் கிருஷ்ணராஜ் மெதுவாக. "எனக்குப் போன் எடுத்து, மரண அணுன்னா என்னடான்னு கேட்டாரு. நான் வெளக்கிச் சொன்னேன். அண்ணிக்கிட்ட சொல்லிறாத, வீட்டுல நல்லா ஓடிக்கிட்டிருக்குன்னாரு."

பாவி மனுஷன்! தெரிந்துகொண்டேதான் தட்டை நீட்டினாரா? தன்னை இப்படிக் கதிகலங்க விட்டுவிட்டு, அதில் ஒரு விளையாட்டா? கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. எழுந்து போய் அவரை இரண்டு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்க ஆள் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து வராத அழுகை அந்தப் பெஞ்சியில் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

அழுது ஓய்ந்தபோதும் அடியில் ஒன்று மிச்சமிருந்தது.

"அப்ப நிரோஷினிக்கு ஒண்ணும் ஆகாதே? வயித்துல இருக்குறதுக்கு?"

கிருஷ்ணராஜுக்குப் பொய் சொல்ல வராது, அதுதான் அவனுடைய கோளாறு. களைக்கு அடிக்கிற மருந்தில் சாகாதபடி சில பயிரை மாற்றுகிறார்கள், அதனாலேயே மருந்தைக் கண்டபடி அடிக்கிறார்கள், மண்ணுக்கும் தண்ணீருக்கும் அது நல்லதா என்று இன்னும் சண்டை நடக்கிறது என்றான். விதையெல்லாம் ஒரு சில பெரிய கம்பெனிகளின் கைக்குப் போய்விடுகிறது என்ற பயமும் இருக்கிறதாம். "ஆனா கறி தின்னு ஆளு சாகுறதில்ல அண்ணி. பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் படிச்சவங்க சொல்றாங்க."

சொல்றாங்க. அந்தச் சொல் அவளுக்குப் போதவில்லை. டாக்டர்மார் மோகனராஜையும் இன்னும் கன காலம் இருப்பார் என்றுதான் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் மலர்ச்சாலைக்காரர்கள் அவரைச் சவரம் செய்து, கோட்டு மாட்டி, உயிரோடு இருந்தபோது ஒருநாளும் இல்லாத அழகோடு கொண்டுவந்து வைத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி பிரேதம் பார்க்கக் கூடாது என்று நிரோஷினியைப் பக்கத்து வீட்டு நிலூஷாவிடம் விட்டிருந்தார்கள். நிலூஷா சிங்களப் பெண், நிரோஷினிக்குச் சின்னம்மா மாதிரி. அந்த வீட்டு வாசற்படியில் நின்று மகள் அழுகிற குரல் இங்கே ஒப்பாரிக்கு மேலாகக் கேட்டது. அழுகையை நிறுத்திவிட்டு இராஜேஸ்வரி அதைக் காதுகொடுத்துக் கேட்டாள். குரல் நின்றால் ஓடிப்போய்ப் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினாள். மயக்கமா, வயிற்று நோவா, பிள்ளை அசைகிறதா என்று கேட்டு வரச் சொன்னாள். வந்திருந்த பெண்கள் புருஷன் கிடக்கும்போது இவளுக்கு வந்த கேள்வியைப் பார் என்பது போல ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

யாரோ மயங்கி விழ, சோடா எடுக்க இராஜேஸ்வரி பிரிட்ஜைத் திறந்தாள். கதவுத் தட்டில் அவருடைய இன்சுலின் பாதி மிச்சமிருந்தது. அதைக் கண்டும் அவளுக்குப் பயமாக இருந்தது. நாள் தவறாமல் தன் கையாலேயே ஏற்றிய மருந்து, அது எங்கிருந்து வருகிறதென்றுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறாள். அவரைக் காப்பாற்றியது அதுதான் என்று கிருஷ்ணராஜ் சொன்னது மனதில் இருந்தாலும், அதைத் தொடாமலே கதவைச் சாத்தினாள்.

பின்னேரம் மஹய்யாவ மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆண்கள் திரும்பி வந்து குளித்து முடிக்கிற நேரத்தில் நிலூஷா ஒரு பெரிய சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் நிரோஷினி, முகம் வீங்கி, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்தாள்.

"உங்க ஆளுங்க மரண வீட்டுல மீன் சாப்பிட மாட்டாங்கதானே அக்கா" என்றாள் நிலூஷா தன் தமிழில். "அதான் சோயாமீட் செஞ்சேன்."

மூடியைத் திறந்ததும் கறிவேப்பிலை வாசம் வீடெல்லாம் பரவியது. இராஜேஸ்வரி சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மரண வீட்டில் வேறு என்னத்தைத்தான் போடுவார்கள்? பருப்பு, சோறு, சோயாமீட். இந்த ஊரில் எந்தச் சாவுக்குப் போனாலும் இதுதான். அவளே எத்தனை வீட்டுக்கு ஆக்கிக் கொடுத்திருக்கிறாள். நிரோஷினிக்குப் பருப்பு மட்டும் போடலாம் என்று தட்டை எடுத்தாள். நேற்றுக் காலையிலிருந்து அந்தப் பிள்ளை ஒழுங்காக எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

நிரோஷினி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, தாயையும் தட்டையும் பார்த்தாள்.

"எனக்கு ஒரு கரண்டி மரண அணு போடும்மா."

பந்தியில் இருந்தவர்களின் கைகள் நின்றன. கிருஷ்ணராஜ் தலையைக் குனிந்துகொண்டான். மகளின் உதடு கோணிக்கொண்டு போனதை இராஜேஸ்வரி பார்த்தாள். அந்த வளைந்த மூக்கையும் பார்த்தாள். அது மோகனராஜுடைய மூக்கு, கொஞ்சமும் மாறவில்லை.

சட்டிக்குள் கரண்டியை விட்டு ஒரு துண்டை எடுத்து முதலில் தன் வாயில் போட்டாள். காரம் சரியாக இருந்தது. நன்றாக மென்று விழுங்கினாள். நின்ற நிலையிலேயே கொஞ்ச நேரம் நின்றாள், வயிற்றுக்குள் எதுவோ கேட்கப்போவது போல. பிறகு குனிந்து மகளின் தட்டில் ஒரு கரண்டி போட்டாள்.

நிரோஷினி பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள். நிலூஷா வந்து, நீங்களும் உட்காருங்கள் அக்கா, நான் பரிமாறுகிறேன் என்று கையை நீட்டினாள். இராஜேஸ்வரி மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். கரண்டியை மட்டும் கொடுக்கவில்லை. தட்டு வெறுமையாகும்வரை அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.