இரண்டாம் குப்பியைக் குலுக்க வேண்டும்

1

ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு கடையில் நான் ஒரு பொருளை வேண்டுமென்றே தப்பாக வாங்கினேன். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. உப்புநீர் மீன்தொட்டியின் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் அது. இதில் என்னய்யா கதை என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அந்தக் கிட் சொல்வதை வைத்துத்தான் என் தங்கையை மனநல மருத்துவமனையில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவாக வேண்டியிருந்தது.

2

முதல் தொடக்கம்: ‘அந்தக் கூடத்தில் ஒரு குட்டிக் கடல் மூச்சு வாங்கிக்கொண்டு…’

சீ. தங்கை படித்தால் சிரிப்பாள்.

இரண்டாவது: தங்கை வீட்டுக் கூடத்தில் நான்கடித் தொட்டி. வெள்ளைப்புள்ளி நோய் வந்து பதினொரு மீனும் செத்தன. மாப்பிள்ளை தண்ணீரை முழுக்க இறைத்து, புது உப்புக் கரைத்து ஊற்றினார். பாறைகளில் ஒட்டியிருக்கும் கிருமி பட்டினியில் சாகட்டும் என்று இரண்டரை மாதம் மீன் விடாமல் தொட்டியை ஓட்டுவது கடல்மீன் வளர்ப்பவர்கள் வழக்கம். அப்படி ஓடிக்கொண்டிருந்தது. இருபதாம் நாள் தங்கை என்னிடம் சொன்னாள்:

“உள்ள ஒண்ணு இருக்குண்ணா.”

3

(இந்த இடத்தில் அவளை அழவைக்கலாமென்று பார்த்தேன். கதாசிரியன் புத்தி எங்கே போகும்? அவள் அழவில்லை. துணி மடித்துக்கொண்டே பேசினாள்.)

“மீனா?”

“மீனுன்னா மீனுன்னு சொல்ல மாட்டேனா?”

“இரை ஏதாவது போடறியா?”

“டப்பாவைத்தான் அவரு ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரே. அது இரை கேக்கவும் இல்ல.”

“பின்ன என்னதான் திங்குது?”

மடித்த சட்டையைப் பிரித்துத் தன்மேல் வைத்துக் காட்டினாள். “போன மாசம் தைச்சது. இதுக்குள்ள இன்னொரு ஆள் நுழையலாம், பாரு.”

தொட்டிக் கண்ணாடியின் உட்பக்கம் பாசி படிந்திருந்தது. அவள் உட்காரும் நாற்காலிக்கு நேராக மட்டும், ஒரு முகம் அளவுக்குத் துடைத்தாற்போல் சுத்தம். நத்தை மேய்ந்திருக்கும் என்றார் மாப்பிள்ளை. நோய் வந்த வாரமே நத்தைகளைப் பொறுக்கி, வாங்கிய கடைக்காரியிடமே திருப்பிக் கொடுத்தவர் அவர்தான்.

தண்ணீரை இறைத்துக் கொட்டித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். நானும் சொன்னேன்.

“கொட்டினா அது எங்க போகும்?” என்றாள். தொட்டியைப் பார்த்து அல்ல. மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்த அறையைப் பார்த்து.

4

இந்த மாப்பிள்ளையை வில்லனாக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். மனிதர் அவளுக்குச் சோறு ஊட்டிவிடுகிறார், வில்லனுக்கு அது பொருந்தவில்லை.

“ஆறு கிலோ குறைஞ்சிட்டா மச்சான். எனக்குப் பயமா இருக்கு.”

அவர் கணக்கு எளிமையானது. உள்ளே ஓர் உயிர் தின்றால் கழிவு போடும். கழிவு கடைசியில் நைட்ரேட்டாகத் தண்ணீரில் ஏறும். நைட்ரேட் இருந்தால் மருந்து விட்ட தண்ணீர் சிவக்கும். தினமும் சோதிக்கிறார். தினமும் மஞ்சள் நிறம், அதாவது சைபர். “சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?”

பழைய கிட் என்பதால் தங்கை அதை நம்பவில்லை. கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: அண்ணன் புதுக் கிட் வாங்கி வந்து அவனே பார்த்துச் சொல்ல வேண்டும். அதிலும் சைபர் என்றால் அவள் திங்கட்கிழமை மறுபேச்சில்லாமல் மருத்துவமனையில் சேர்ந்துவிடுவாள். படிவத்தில் அண்ணன் கையெழுத்தும் வேண்டும்.

5

“தண்ணியில முக்கிப் பாக்கற பட்டையா, சொட்டு மருந்தா?” என்றாள் கடைக்காரி.

“எது நல்லது?”

“பட்டை சும்மா ஒரு குத்துமதிப்புதான் சார். ஒருத்தருக்கு மஞ்சளாத் தெரியும், இன்னொருத்தருக்கு ரோசாத் தெரியும். சொட்டு மருந்து கறாரு. ஆனா ரெண்டாம் பாட்டிலை அரை நிமிஷம் நல்லாக் குலுக்கணும். மருந்து அடியில தங்கிடும். குலுக்காம விட்டீங்கன்னா சாக்கடைத் தண்ணிகூட சைபர்தான்.”

மாப்பிள்ளையின் பழைய கிட்டும் சொட்டு மருந்துதான். இரண்டாம் குப்பியைக் கண்ணுக்கு மருந்து விடுவதுபோல மெதுவாகக் கவிழ்ப்பார். குலுக்கி நான் பார்த்ததே இல்லை.*

நான் பட்டை வாங்கினேன். குத்துமதிப்பாக இருந்தால்தான் எனக்கு வேண்டியதைச் சொல்ல முடியும்.

(* அவருக்குத் தெரியாது. குறிப்புத்தாள் தொலைந்திருக்கும். எனக்கு நிச்சயம். கிட்டத்தட்ட.)

6

பட்டை மஞ்சளுக்கும் ரோசாவுக்கும் நடுவில் எங்கோ நின்றது. “சைபர்” என்றேன். தங்கை தலையாட்டிவிட்டுப் பெட்டி கட்டப் போனாள்.

பிறகு, யாரும் இல்லாதபோது, பழைய கிட்டை எடுத்தேன். இரண்டாம் குப்பியைக் கை வலிக்கும்வரை குலுக்கி, தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து அதில் சொட்டினேன். ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்வார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தண்ணீர் நிற அட்டையின் கடைசிச் சிவப்பையும் தாண்டிக் கறுத்தது. நான் குனிந்திருந்தேன். தொட்டிக் கண்ணாடியில் என் முகத்துக்கு நேராகவும் பாசி மெல்ல விலகத் தொடங்கி—

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. மன்னியுங்கள்.)

7

முடிவுகள் இருக்கின்றன. உண்மையைச் சொல்கிறேன்: அவள் பைத்தியமில்லை, வீட்டிலேயே இருப்பாள், அது அவளைத் தின்று முடிக்கும். சொல்லாமல் கையெழுத்துப் போடுகிறேன்: பைத்தியமில்லாதவள் பைத்தியமென்று பேர் வாங்கிப் பிழைத்துக்கொள்வாள். இரண்டாவதுதான் நல்லது என்று நேற்றுவரை தெளிவாகத்தான் இருந்தேன். அவள் என் தங்கை. அவள் பிழைக்க வேண்டும். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

இது ஞாயிறு மாலை. படிவம் என் முன்னால் இருக்கிறது. தங்கை வாசலில் வந்து நிற்கிறாள்.

“அண்ணா, நீ சைபர்னு சொன்னியே, நெசந்தானே?”

ஆமாம் என்று எழுதி அடித்தேன். இல்லை என்று எழுதி அதையும் அடித்தேன்.

“இல்ல, எதுக்குக் கேக்கறேன்னா,” என்கிறாள், “நான் போயிட்டா அவரு அதுகூடத் தனியா இருப்பாரேண்ணா.”

இதற்கு என்னிடம் வரி இல்லை. நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம், அவள் காத்துக்கொண்டு நிற்கிறாள்.